உயர்திணையில் ஓர் இடம்

இலக்கியத் திறனாய்வு நூலின் நயங்களை எடுத்துக்காட்டுவதோடு அமைந்துவிடுவதன்று. ஒரு நூல் எவ்வாழ்க்கையைக் கண்டது, எவ்வாழ்க்கையைக் காணாது விட்டது என்று வினவுவதும் அதன் கடமையாகும். சங்க மலர்களில் அகமும் புறமும், ஆழ்வாரும் நாயன்மாரும், பாரதியும் பாரதிதாசனும் ஆராயப்பெறுவது வழக்கம். அவ்வழக்கை மதித்துக்கொண்டே, இத்தகைய மலர்களில் அதிகம் பேசப்படாத ஒரு பொருளை ஈண்டு எடுத்துக்கொள்கிறோம். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்பும் இயல்புடையோர் அன்றாட வாழ்வில் எதிர்கொள்ளும் ஏளனமும் வெறுப்பும் எழுத்தில் எவ்வாறு பதிவாகியுள்ளன என்பதே அப்பொருள்.

இவ்வியல்புடையோரைத் தன்பாலீர்ப்பினர் என்று இன்றைய தமிழ் குறிக்கிறது. ஆணெனக் கருதப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணரும் திருநங்கையர் வேறு, இவர் வேறு. ஆனால் தெருவில் எழும் கேலிக்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை. நடையில் மென்மையுடைய சிறுவனையும், திருமணம் வேண்டாமென்னும் மகளையும், திருநங்கையையும் அது ஒரே வசைச்சொற்களால் சுடுகிறது. ஆகவே இக்கட்டுரையில் இரு சாராரைப் பற்றிய நூல்களும் இடம்பெறும். வேறுபாடு வேண்டுமிடத்துச் சுட்டப்பெறும்.

இப்பொருள் நம் குடும்பங்களுக்குத் தொடர்பற்றது என்று சிலர் எண்ணக்கூடும். சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள தமிழ் வீடுகளில், பெண் பார்க்கும் படலத்தை ஆண்டுதோறும் தள்ளிப்போடும் மகன் இல்லையா? உயிர்த்தோழியின் பேச்செடுத்தாலே தாய் முகம் சுளிப்பதைக் கண்டு வாயடைத்துப்போகும் மகள் இல்லையா? அவர்கள் பேசாதிருப்பதால் இல்லாதவர் ஆகிவிடார். அவர்களைப் பேசவொட்டாமல் தடுப்பது எது என்பதையே இலக்கியத்தின் துணைகொண்டு காண முயல்கிறோம்.

இலக்கணம் வகுத்த இடம்

தமிழில் ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதே திணையும் பாலும் முன்வந்து நிற்கின்றன. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தைத் தொடங்குவதே உயர்திணை, அஃறிணை என்னும் பாகுபாட்டோடுதான். மக்களாகக் கருதப்படுவோர் உயர்திணை, ஏனைய அஃறிணை. கிளவியாக்கத்தின் முற்பகுதியிலேயே அவர் பேடியர் எனப்படுவோரைக் குறித்தும் விதி செய்கிறார். ஆண்மை திரிந்த அவர்க்குத் தனியே ஓர் ஈறு இல்லை. ஆயினும் அவர்தம் பெயர் உயர்திணையின் ஈறுகளையே கொள்ளும் என்பது அவர் முடிபு. ஆண்பாலுக்குரிய ஈற்றினை அவர்க்கு விலக்கினாரே தவிர, உயர்திணையை விலக்கினாரல்லர்.

நூற்றாண்டுகள் பல கடந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் பவணந்தியார் நன்னூல் செய்தார். அவர் இப்பொருளை இன்னும் நுட்பமாகப் பகுக்கிறார். ஒருவர் எதனை விட்டு எதனை விரும்புகிறார் என்பதைக் கொண்டு பால் வகுக்கிறார். விருப்பத்தை இலக்கணத்தின் அளவுகோலாக்கிய இவ்விடம் வியந்து போற்றத்தக்கது. ஆனால் அதே நூற்பாவின் இறுதியில், அவர்கள் அஃறிணை போலவும் வழங்கப்படுவர் என்று ஒரு வாயிலைத் திறந்துவிடுகிறார். தம் காலத்து உலக வழக்கை அவர் பதிவு செய்தார் என்றே கொள்ளலாம். எனினும் தொல்காப்பியர்க்கும் பவணந்தியார்க்கும் இடையே சமுதாயம் எவ்வளவு இறங்கிவிட்டது என்பதை அந்த ஒரு சிறு இசைவு காட்டிக்கொடுக்கிறது.

இவ்விரு நூற்பாக்களும் தன்பாற் காதலைப் பற்றியன அல்ல. உருவும் இயல்பும் திரிந்தோர் எனக் கருதப்பட்டவரைப் பற்றியன. ஆயினும் நமக்கு இவற்றில் ஒரு படிப்பினை உண்டு. மனிதரை மனிதர் வரிசையினின்று இறக்குவது சொல்லில் தொடங்குகிறது. இன்றும் தெருமுனையில் நால்வர் நின்று ஐந்தாமவனைப் பார்த்து, 'அது போகுது பார்' என்று சொல்லும்போது, பெயரும் ஊரும் பெற்றோரும் உடைய ஒருவன் ஒரே சுட்டுச்சொல்லால் அஃறிணையாக்கப்படுகிறான். இதற்குக் கைத்தடி வேண்டுவதில்லை. காவல் நிலையமும் வேண்டுவதில்லை. இலக்கணப் பிழை ஒன்றே போதும்.

சொல்லும் குரலும்

நாம் இரு மொழிகளுக்கு நடுவே வாழ்பவர்கள். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் உருவானபோதும், 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும், 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தபோதும் இம்மண்ணில் தமிழ் ஒலித்துக்கொண்டே இருந்தது. எல்லை வகுக்கப்பட்டபோது இங்கேயே தங்கிவிட்டோரும், வேலைக்கும் வாணிகத்துக்கும் பின்னர் வந்தோரும் சேர்ந்ததே இன்றைய நம் தமிழ்க் குடும்பங்கள். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு என்னும் இவ்வாழ்வு நமக்கு ஒரு நுண்ணுணர்வைத் தந்திருக்கிறது. சொல்லின் பொருளை மட்டுமன்றி, சொல்லும் குரலையும் கேட்கப் பழகியிருக்கிறோம்.

'அரவவாள்ளு' என்று நம்மைச் சுட்டுகிறார்கள். அரவம் என்பது தமிழுக்குத் தெலுங்கில் நெடுநாளாய் வழங்கும் பெயர். அதில் பழி ஏதுமில்லை. ஆயினும் அது அன்போடு சொல்லப்படும்போது ஒன்றாகவும், உதட்டோரம் சிரிப்போடு சொல்லப்படும்போது வேறொன்றாகவும் ஒலிப்பதை நம்முள் அறியாதவர் யார்? பள்ளிக்குச் சென்ற நம் பிள்ளைகள் எத்தனை பேர் வீட்டுக்கு வந்ததும் தாயிடம் அச்சொல்லின் பொருளைக் கேட்டிருக்கிறார்கள்! அகராதி அவர்களுக்கு விடை சொல்லாது. குரலில் இருந்த நஞ்சு அகராதியில் ஏறுவதில்லை.

தன்பாலீர்ப்பினரைச் சுடும் சொற்களும் பெரும்பாலும் இவ்வகையினவே. தெலுங்கில் 'தேடா' என்பது வேறுபாடு என்னும் பொருளுடைய எளிய சொல். கடைக்காரர் விலையில் தேடா என்பார். தையற்காரர் அளவில் தேடா என்பார். அதையே ஓர் இளைஞனைப் பார்த்துக் கண்சிமிட்டிச் சொல்லும்போது அது வசையாகிவிடுகிறது. தமிழில் 'ஒரு மாதிரி' என்னும் தொடரும் அவ்வாறே. ஒன்பது என்பது ஓர் எண். ஆயினும் வகுப்பறையில் ஆசிரியர் ஒன்பதாம் எண்ணை அழைத்தவுடன் பின்வரிசையில் சிரிப்பு எழுமாயின், அச்சிரிப்பு எவன்மேல் விழுகிறது என்பது வகுப்பு முழுமைக்கும் தெரியும். நம் வீட்டுப் பிள்ளை இரு மொழியும் கற்கிறான் என்று பெருமை கொள்கிறோம். மென்மையான இயல்புடைய பிள்ளை இரு மொழி வசையையும் சேர்த்தே கற்கிறான் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேங்கடத்தின் அடிவாரத்தில்

வடவெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரத்தில் பனம்பாரனார் குறித்தார். அம்மலையின் இறைவனை நோக்கிப் பாடிய ஆழ்வார்களில் நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும், திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று உருகினர். ஆடவர் பெண்ணாகித் தலைவனுக்கு ஏங்குவது பக்தி இலக்கியத்தின் உயரிய நெறிகளுள் ஒன்றாயிற்று. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) தெலுங்கில் பாடிய சிருங்காரக் கீர்த்தனைகளிலும் அலமேலுமங்கையின் ஏக்கமும் ஊடலும் அவருடைய குரலிலேயே வெளிப்படுகின்றன. திருமலைப் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் காலையில் மலையப்பசுவாமி மோகினித் திருக்கோலத்தில் எழுந்தருளுகிறார். திரளும் கூட்டம் கைகூப்பி நிற்கிறது.

மலையடிவாரத்தில் தாத்தையகுண்ட கங்கம்மன் ஜாத்திரை இன்னும் அணுக்கமான காட்சியைத் தருகிறது. கோடையில் நிகழும் அவ்விழாவில், பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனைத் தேடி அம்மன் பல வேடங்கள் புனைந்த கதை வேடங்களாகவே நடித்துக் காட்டப்பெறுகிறது. வேண்டுதல் உடைய ஆடவர் சேலை உடுத்து, பூச்சூடி, வளையணிந்து வீதியில் வருகின்றனர். தந்தையே மகனுக்குச் சேலை கட்டிவிடும் காட்சியும் உண்டு. இவ்விழாவை நெடுங்காலம் ஆராய்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்னும் அமெரிக்க அறிஞர் 2013-இல் வெளியிட்ட நூலுக்கு, உலகமே பெண்ணாகும் வேளை என்னும் கருத்தமைந்த தலைப்பை இட்டார்.

இவற்றைக் காட்டி, நம் முன்னோர் தன்பாற் காதலை ஏற்றுக்கொண்டனர் என்று சிலர் முழங்குவர். அது திறனாய்வுக்கு ஒவ்வாத பாய்ச்சல். நாயகி பாவம் வேறு, நேர்த்திக்கடனுக்குச் சேலை உடுத்தல் வேறு, ஆண் ஆணை விரும்புதல் வேறு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் காணாமலே நட்புப் பூண்டு, ஒருவரோடொருவர் வடக்கிருந்து உயிர்நீத்ததையும் இக்காலத்தார் சிலர் காதலென்று பெயரிடுவர். புறநானூறு அதனை நட்பு என்றே காட்டுகிறது; நாமும் அவ்வளவோடு நிற்கிறோம். இல்லாத சான்றினை ஏற்றிச் சொல்வதால் இன்று துன்புறுவோர்க்கு நன்மை விளையாது.

எதிர்த்தரப்பினர் கூற்றும் அவ்வளவே வலுவற்றது. இவையெல்லாம் மேனாட்டினின்று வந்த தீமை என்பர் அவர். மேனாட்டினின்று வந்ததாகத் திட்டமாகச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு; அது தண்டனைச் சட்டம். மெக்காலே தலைமையில் வரைவு செய்யப்பெற்று, 1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவே இவ்வுறவைக் குற்றமாக்கியது. ஆயினும் ஏளனம் முழுவதையும் ஆங்கிலேயன் தலையில் சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. 'ஒன்பது' என்னும் வசையை மெக்காலே நமக்குக் கற்றுத்தரவில்லை.

ஜாத்திரை நமக்குக் காட்டும் உண்மை வேறு. ஆண்மைக்கும் பெண்மைக்கும் இடையே நாம் இட்ட கோடு கல்லில் வெட்டியதன்று என்பதை விழா நாட்களில் இவ்வூர் ஒப்புக்கொள்கிறது. விழா முடிந்து சேலை மடித்து வைக்கப்பட்டதும் அவ்வொப்புதலும் பெட்டிக்குள் போய்விடுகிறது. மறுவாரம் அதே வீதியில் மெல்ல நடந்து செல்லும் ஒரு மாணவனை நோக்கிச் சீழ்க்கை எழுகிறது. வேடம் என்றால் வணக்கம், இயல்பு என்றால் ஏளனம் என்னும் இம்முரணை எழுதிய புனைகதை எதனையும் நாம் இதுவரை படித்ததில்லை. இவ்வூரில் வாழும் தமிழ் எழுத்தாளர்க்கு இது கைக்கெட்டும் பொருள்.

இரு தமிழ் நாவல்கள்

தற்காலத் தமிழ்ப் புனைகதையில் தன்பாலுறவை மறைக்காது காட்டிய முன்னோடி நூல் கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்'. 1978-இல் வெளிவந்த இந்நாவலில், ஆதரவற்ற சிறுவனாகிய கணேசன் தன் அழகின் காரணமாக வசதி படைத்த ஆடவரின் இச்சைக்கு ஆட்படுகிறான், பின்னாளில் தொழுநோயாளியாகிறான். தஞ்சைப் பகுதியின் வெளிப்பூச்சை உரித்துக்காட்டிய துணிவில் இதற்கு ஒப்பானவை தமிழில் சிலவே.

எனினும் இந்நூலைப் படிப்போர் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். இங்கே வருவது பெரும்பாலும் பணமும் வலிமையும் உடையவர் ஒரு சிறுவனைப் பயன்கொள்ளும் கதை. அது கொடுமை, அக்கொடுமை பெண்குழந்தைக்கு நேரினும் கொடுமையே. ஒத்த வயதுடைய இருவர் ஒத்த அன்பினால் கூடுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம் வீடுகளில் எழும் அச்சத்துக்கு மூலகாரணம். மகன் தன் இயல்பைச் சொன்னால், எவனோ கெடுத்துவிட்டான் என்று பெற்றோர் முடிவு கட்டுகின்றனர். கரிச்சான் குஞ்சு இக்குழப்பத்தை விளைவித்தார் என்பது நம் கருத்தன்று. அவருக்குப் பின் வந்தோர் மறுபக்கத்தை எழுதாது விட்டதே குறை.

சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி' 1990-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து பின் நூலாயிற்று. தென்பாண்டிச் சிற்றூரில் பிறந்து பொறியியற் கல்லூரி வரை வந்த சுயம்பு, மேகலை என்னும் திருநங்கையாக மாறும் கதை அது. வெகுமக்கள் படிக்கும் வார இதழில் இப்பொருளைப் பரிவோடு எழுதியது பெருஞ்செயல். கல்லூரியிலும் ஊரிலும் வீட்டிலும் சுயம்பு பெறும் அவமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆசிரியர் அடுக்குகிறார். இவற்றுள் அந்நியர் கேலியினும் உற்றார் அடியே ஆழப் பாய்கிறது. சமுத்திரத்தின் குறை, அவர் ஒவ்வொரு கட்டத்திலும் வாசகரிடம் இரக்கத்தை வேண்டிக் கைநீட்டுவதாகும். இரக்கம் நல்லதே, ஆனால் இரக்கப்படுபவர் ஒருபடி மேலே நின்றுகொண்டுதான் இரங்குகிறார்.

அந்த ஒருபடியை உடைத்தவை, துன்பத்தை நுகர்ந்தோரே எழுதிய நூல்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007), அ. ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய இரண்டும் தமிழ்த் தன்வரலாற்று இலக்கியத்துக்குப் புதுவரவாயின. அவற்றில் வேண்டுகோள் இல்லை, வாக்குமூலம் இருக்கிறது. வேலை கேட்டுச் சென்ற இடத்தில் வரும் பார்வை, வாடகைக்கு வீடு மறுக்கப்படுதல், உடன்பிறந்தோர் அடித்தல் ஆகியவை ஆரவாரமின்றிச் சொல்லப்படும்போதுதான் அன்றாடம் என்பதன் பாரம் விளங்குகிறது. ஆயினும் இவை திருநங்கையர் நூல்கள். அண்டையில் கன்னடத்தில் வசுதேந்திரா 2013-இல் 'மோகனசாமி' என்னும் கதைத்தொகுதியின் வழியாகத் தன்பாலீர்ப்புடைய ஆடவனின் வாழ்வை உள்ளிருந்து எழுதினார். தமிழில் அதனோடு ஒப்பவைத்துப் பேசத்தக்க நூலைத் தேட வேண்டியே இருக்கிறது.

ஃபன்னி பாய்: ஒரு சொல்லின் கதை

தமிழில் எழுதப்படாவிடினும் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையாக அமைந்த ஒரு நாவல் இவ்விடத்தை நிரப்புகிறது. கொழும்பில் பிறந்து, 1983-ஆம் ஆண்டு இனக்கலவரத்தின்பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் பெயர்ந்த சியாம் செல்வதுரை ஆங்கிலத்தில் எழுதிய 'ஃபன்னி பாய்' (1994) என்பதே அது. புலம்பெயர்ந்த குடும்பங்கள் அவசியம் படிக்கவேண்டிய நூல் என்று இதனைத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

கதையைச் சொல்பவன் அர்ஜி என்னும் சிறுவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டி வீட்டில் கூடும் பிள்ளைகளுள் ஆண்கள் கிரிக்கெட் ஆடுவர். பெண்கள் கல்யாண விளையாட்டு ஆடுவர். அர்ஜி பெண்களோடு சேர்ந்து மணப்பெண்ணாகச் சேலை உடுத்திக்கொள்வான். பொறாமை கொண்ட ஒரு பெண்ணின் தாய் அவனைச் சேலையோடு இழுத்துவந்து பெரியோர் கூடியிருந்த அறையில் நிறுத்துகிறாள். உறவினர் ஒருவர் அவன் தந்தையைப் பார்த்து, உன் மகன் 'ஃபன்னி'யாக இருக்கிறானே என்று சிரிக்கிறார்.

அச்சொல்லை வைத்துக்கொண்டு அர்ஜி குழம்பும் பகுதியே நூலின் உயிர்நிலை. வேடிக்கையானது என்பதும் விசித்திரமானது என்பதும் அவன் அறிந்த பொருள்கள். ஆனால் பின்னர்த் தன் தந்தை அதே சொல்லைத் தாயிடம் சொன்னபோது அவர் குரலில் அருவருப்பு இருந்ததை அவன் கேட்டுவிடுகிறான். அவ்விரு பொருளிலும் அருவருப்புக்கு இடமில்லையே என்பது சிறுவனின் திகைப்பு. நம் 'தேடா'வும் 'ஒரு மாதிரி'யும் இங்கே ஆங்கில உடையில் வந்து நிற்கின்றன. 'அரவவாள்ளு' என்பதன் பொருளைத் தாயிடம் வந்து கேட்ட நம் பிள்ளையின் திகைப்பும் இதுவன்றி வேறில்லை.

அடுத்து வருவது தாயின் செயல். தாய் சேலை கட்டி, நகை பூண்டு புறப்படும் அழகை அருகிருந்து காண்பது அர்ஜியின் பேரின்பமாக இருந்தது. கணவனின் கடுஞ்சொல்லுக்குப் பின் அவள் அறைக்கதவைச் சாத்துகிறாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு அவள் தந்த விடை, விடையென்றே சொல்லத்தகாத ஒரு வேடிக்கை வாசகம். அவளுக்கே அதில் நம்பிக்கையில்லை என்பதை ஆசிரியர் அவள் முகத்தில் காட்டுகிறார். அவள் கொடியவள் அல்லள், மகனை நேசிப்பவள். ஊர் என்ன சொல்லும் என்னும் அச்சம் அவள் கையைக் கதவின்மேல் வைத்தது. வெறுப்பு என்பது எப்போதும் சினந்த முகத்தோடு வருவதில்லை என்பதை இவ்வொரு காட்சியால் விளக்கிவிட்டார் செல்வதுரை. நீண்ட விரிவுரைகளால் இது இயலாது.

பின்னர், ஆண்மகனாக்குவார்கள் என்னும் நம்பிக்கையில் தந்தை அவனை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார். பிரம்பால் ஆளும் தலைமையாசிரியர், பள்ளியின் பெருமையைப் போற்றும் ஆங்கிலக் கவிதைகளை மேடையில் ஒப்பிக்க அவனைப் பணிக்கிறார். தன் அன்புக்குரிய தோழன் அப்பள்ளியில் படும் துன்பத்தைக் கண்ட அர்ஜி, அக்கவிதைகளை மேடையில் வேண்டுமென்றே குளறிச் சிதைக்கிறான். நூலில் அவன் செய்யும் கிளர்ச்சி இது. அவனைக் காயப்படுத்தியது ஒரு சொல். அவன் எதிர்த்ததும் சொற்களைக் கொண்டே.

இவ்வளவையும் 1983-ஆம் ஆண்டு நெருப்பு சூழ்ந்து கொள்கிறது. தமிழர் என்பதற்காக அக்குடும்பத்தின் வீடு எரிகிறது. அவர்கள் அகதிகளாகக் கனடா செல்கின்றனர். பெரும்பான்மையினர் தம்மை வேறாகப் பார்த்த பார்வையால் எல்லாம் இழந்த அதே குடும்பம், தன் மகனை வேறாகப் பார்த்தது. இம்முரணை ஆசிரியர் எங்கும் விளக்கிச் சொல்லவில்லை. இரு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அமைகிறார். சிறுபான்மையாக வாழ்வோர்க்கு இந்நூல் தரும் படிப்பினை அதுவே. வெளியே நாம் படும் துன்பம், உள்ளே நாம் செய்யும் துன்பத்துக்கு மருந்தாகும் என்பதற்கு உறுதியில்லை. அதனை மருந்தாக்கிக்கொள்வது நம் அறிவின் வேலை.

தீர்ப்பில் ஒலிக்கும் குரல்

வாழ்க்கையை ஆழ்ந்து நோக்கி எழுதப்பெற்ற எதுவும் திறனாய்வுக்கு உரியதே. அவ்வகையில் சில நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, வயது வந்தோரின் இசைவான தன்பாலுறவு குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-ஆம் பிரிவுக்கு ஈடான பிரிவே இல்லை. திருமண உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17 அன்று அந்நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஆனால் நம் வீட்டின் நடுக்கூடத்துக்கு இத்தீர்ப்புகள் வந்து சேர்வதில்லை. அங்கு வந்து சேர்பவை வேறு இரண்டு.

முதலாவது, 2021 சூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கியது. மதுரையிலிருந்து பெற்றோர்க்கு அஞ்சிச் சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்பு வேண்டினர். தமக்கு இப்பொருளில் போதிய தெளிவில்லை என உணர்ந்த நீதிபதி, உளவியல் அறிஞரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே தீர்ப்பெழுதினார். இயல்பை 'மாற்றுவதாக'ச் செய்யப்படும் மருத்துவத்தை அத்தீர்ப்பு தடைசெய்தது. இவர்களை மதிப்போடு குறிக்கும் சொற்பட்டியலுக்கும் வழி செய்தது. தமிழ்நாடு அரசு அப்பட்டியலை 2022-இல் அரசிதழில் வெளியிட்டது. வசையை அகற்ற நல்ல சொல் வேண்டும் என்று ஒரு நீதிமன்றம் கருதியது தமிழுக்கு நேர்ந்த சிறப்பாகும்.

இரண்டாவது நமக்கு மிக அண்மையது. சித்தூரிலிருந்து சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் சேரும் வேலூர் மாவட்டத்தில் எழுந்தது. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பெற்றோர் தடுத்து வைத்திருப்பதாக அவளுடைய தோழி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினாள். காவல்துறை அவளைப் பெற்றோருடன் அனுப்பிவைத்திருந்தது. தன்னை அடித்ததையும், 'இயல்புக்குத் திரும்ப' என்று சில சடங்குகளுக்கு உட்படுத்தியதையும் அப்பெண் நீதிபதிகளிடம் கூறினாள். 2025 மே மாதம் நீதிபதிகள் ஜி. ஆர். சுவாமிநாதன், வி. இலட்சுமிநாராயணன் ஆகியோர் அவளை அவள் விருப்பப்படி செல்லவிட்டனர். திருமணத்தால் மட்டுமே குடும்பம் அமைவதில்லை, அன்பினால் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் உண்டு என்றனர்.

அத்தீர்ப்பில் லீலா சேத்தின் நினைவு வருகிறது. இந்தியாவில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான முதற் பெண்மணி அவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவை மீண்டும் நிலைநாட்டியபோது, தம் மகன் குற்றவாளியாக்கப்பட்டதைத் தாயாகவும் நீதிபதியாகவும் நின்று கண்டித்து எழுதினார். எல்லாத் தாயரும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்பதை உணர்ந்தே நீதிபதிகள் எழுதினர். அந்தப் பெண்ணின் தாயை அவர்கள் கொடியவளாகத் தீட்டவில்லை. அறைக்கதவைச் சாத்திய அர்ஜியின் தாயும், வேலூர்ப் பெண்ணின் தாயும், நம் வீட்டுத் தாயும் ஒரே அச்சத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது, அது பிள்ளையின் காலில் விலங்காவது ஏற்கத்தக்கதன்று.

இனி வேண்டுவன

எழுத்தாளர்க்கு முதலில் ஒன்று கூறுவோம். தமிழ்த் திரைப்படம் நெடுங்காலம் இவர்களைச் சிரிப்புக்கும் அருவருப்புக்குமே பயன்படுத்தியது. 2015-இல் வெளிவந்த 'ஐ' படத்துக்குத் திருநங்கையர் எதிர்ப்புத் தெரிவித்தது நினைவிருக்கலாம். பத்தாண்டுகளில் ஒரு திருப்பம் காணப்படுகிறது. 2025-இல் வந்த ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை', மகள் விரும்புவது ஒரு பெண்ணை என்று அறியும் பெற்றோரின் திகைப்பையே கதையாக்கியது. திரை தொடங்கியதை எழுத்து ஆழப்படுத்த வேண்டும். அதற்குப் பெருநகரம் வேண்டுவதில்லை. சித்தூரின் ஒரு வாடகை வீடும், திருப்பதியின் ஒரு கல்லூரி விடுதியும் போதும்.

குடும்பங்களுக்குக் கூற வேண்டுவது இன்னும் எளியது. இவ்வியல்பு நோயன்று, உலக நலவாழ்வு நிறுவனம் 1990-ஆம் ஆண்டிலேயே தன் நோய்ப்பட்டியலினின்று இதனை நீக்கியது. மாற்றுவதாகச் சொல்லும் மருத்துவரிடமும் மந்திரவாதியிடமும் பணமும் பிள்ளையின் நம்பிக்கையும் சேர்ந்தே தொலையும். திருமணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவோர், ஏதுமறியாத இன்னொரு வீட்டுப் பெண்ணின் அல்லது ஆணின் வாழ்வையும் அடகு வைக்கிறார்கள்.

அதற்கும் முன்னதாகச் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விருந்தில், தொலைக்காட்சியின் முன், திருமணப் பந்தியில் யாரோ ஒருவரைப் பற்றி 'ஒரு மாதிரி' என்று ஒரு குரல் எழும். அப்போது நம் வீட்டுப் பிள்ளை ஒன்று தலைகுனிந்து, நம் முகத்தைப் பார்க்காமலே நம் மறுமொழிக்குச் செவிசாய்த்திருக்கக்கூடும். நாம் சிரித்தால், இந்த வீட்டில் தனக்கு எந்தத் திணை என்பதை அது அறிந்துகொள்ளும். 'அப்படிச் சொல்லாதீர்கள், அவரும் நம்மவரே' என்று நாம் சொன்னாலும் அறிந்துகொள்ளும். தொல்காப்பியர் உயர்திணையின் ஈற்றைக் கொடுத்து வைத்திருக்கிறார். அதனை வழங்குவது நம் நாவில் இருக்கிறது.